சட்டப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஒரு லயத்து வீட்டிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்

சுங்கை பஞ்சாங் - எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வெளிவரும் நாள்களில் சபாக் பெர்ணம், சுங்கை பெசார், தஞ்சோங் காராங் பக்கம் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அறிவியல் எடுத்த பிள்ளை என்றால் டாக்டர், இன்ஜினியர். கலைப்பிரிவு என்றால் ஆசிரியர் பயிற்சி. யாராவது ஒரு பிள்ளை "லா படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டால் உடனே பதில் கேள்வி வரும்: "நாலு பேருக்கு முன்னால உனக்குப் பேசவே வராது, நீ எப்படி லாயர் ஆவ?"

இந்தக் கேள்வியில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. சட்டம் என்றால் நீட்டி முழக்கிப் பேசுவது என்பது ஒன்று. அதற்குச் சினிமாதான் காரணம். நம் படங்களில் வழக்கறிஞர்கள் பேசும் பேச்சை உண்மையான நீதிமன்றத்தில் பேசினால் நீதிபதி இரண்டாவது நிமிடத்தில் உட்காரச் சொல்லிவிடுவார். தடித்த புத்தகங்களைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. உண்மையில் பல பாடங்களின் தேர்வுக்குச் சட்டப் புத்தகத்தையே அறைக்குள் கொண்டுபோக அனுமதிக்கிறார்கள். எந்தப் பிரிவை எங்கே பொருத்துவது என்று தெரியாதவருக்கு அந்தப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை.

அப்படியென்றால் மூன்று, நான்கு ஆண்டுகள் என்னதான் படிக்கிறார்கள்? பாடங்களின் பெயர்ப் பட்டியலைப் பல்கலைக்கழக அகப்பக்கத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்த்து ஒன்றும் விளங்காது. சட்ட மாணவர்களுக்கு வரும் தேர்வுக் கேள்வி ஒன்றைப் பார்த்தால் விளங்கும்.

முனியம்மாவுக்கு ஆலோசனை கூறுக

சட்டத் தேர்வில் "ஒப்பந்தம் என்றால் என்ன?" என்று நேராகக் கேட்பது குறைவு. ஒரு கதையைக் கொடுத்து, கடைசி வரியில் "இன்னாருக்கு ஆலோசனை கூறுக" என்று முடிப்பார்கள். நம் பக்கத்துக்குப் பொருந்தும்படி அப்படி ஒரு கேள்வியை நாமே அமைத்துக்கொள்வோம். பெயரும் ஊரும் கற்பனைதான்.

முனியம்மா 1990 முதல் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார், லயத்து வீட்டில் குடியிருக்கிறார். 1998இல் நடந்த ஒரு கூட்டத்தில் தோட்ட நிர்வாகி, "தோட்டத்தை விற்றாலும் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு" என்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சை நம்பி முனியம்மா தன் சேமிப்பை எடுத்து வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகள் கட்டுகிறார். 2020இல் தோட்டம் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்படுகிறது. முனியம்மாவின் வேலை போகிறது. முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யுமாறு புதிய நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது. முனியம்மாவுக்கு ஆலோசனை கூறுக.

கதை கற்பனை என்றாலும் கேள்வி கற்பனை இல்லை. உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடியதை இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள்.

கதையைப் படித்ததும் நமக்கு வருவது கோபம். சட்ட மாணவருக்கும் கோபம் வரலாம், தப்பில்லை. ஆனால் அவர் கதையைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கற்றிருப்பார். எந்தத் துண்டு எந்தப் பாடத்துக்குச் சொந்தம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

முதல் ஆண்டில் படிக்கும் ஒப்பந்தச் சட்டம் முதலில் வரும். நிர்வாகி சொன்னது ஒப்பந்தமா, வெறும் ஆறுதல் வார்த்தையா? வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். எல்லா ஒப்பந்தமும் தாளில் இருக்க வேண்டும் என்று நாம் நினைப்பது சரியில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும், கொடுப்பதற்குப் பதிலாக ஏதாவது பெற வேண்டும். வீட்டுக்குப் பதிலாக முனியம்மா என்ன கொடுத்தார்? இங்கே கொஞ்சம் இடிக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்குக் கொடுத்தது பழைய நிறுவனம், காலி செய்யச் சொல்வது புதியது. நான் கொடுத்த வாக்கு உங்களைக் கட்டாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை விதி.

அடுத்து நிலச் சட்டம். தேசிய நிலச் சட்டத்தின் 340ஆவது பிரிவு, நிலப்பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் உரிமைக்குப் பெரிய பாதுகாப்புக் கொடுக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் டொரன்ஸ் என்பவர் கொண்டு வந்த பதிவு முறையின் வழிவந்தது இது. "அறுபது வருஷமா இங்கதான் இருக்கோம், நிலம் எங்களுக்குத்தான்" என்று நம் பெரியவர்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருப்போம். வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, மலேசியச் சட்டம் அப்படி இல்லை. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் குடியிருப்பு மட்டும் நில உரிமை ஆகாது. அரசு நிலத்துக்கு 48ஆவது பிரிவும் தனியார் நிலத்துக்கு 341ஆவது பிரிவும் இதைச் சொல்கின்றன. தோட்டத்துக் கோயில்களின் நிலப் பிரச்சினைகளுக்கும் இதுதான் வேர். பிரிவைத் தெரிந்த ஒருவர் அந்தக் கோயில் நிர்வாகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருந்தால், பதிவுக்கான மனுவை அப்போதே கொடுத்திருப்பார்.

அதே பாடத்தில் இன்னொரு கேள்வி. முனியம்மா வாடகைதாரரா, அல்லது வேலை இருக்கும் வரை தங்க அனுமதி பெற்றவரா? வாடகைதாரர் என்றால், வாடகைக்காலம் முடிந்த பின்பும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது என்று 1950ஆம் ஆண்டின் ஒரு சட்டம் சொல்கிறது. வெறும் அனுமதி என்றால் நிலைமை பலவீனம். வேலையோடு வந்த வீடு பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் விழும்.

ஒப்பந்தமும் இடிக்கிறது, நிலமும் இடிக்கிறது. முனியம்மா தோற்றுவிட்டாரா? இங்கேதான் ஈக்குவிட்டி என்ற பாடம் வருகிறது. எழுதிய சட்டம் கடுமையாக இருக்கும் இடத்தில் நியாயத்தைப் பார்க்க இங்கிலாந்து நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த தனிக் கிளை அது. ஒருவர் கொடுத்த வாக்கை நம்பி இன்னொருவர் பணம் போட்டு நிலைமையை மாற்றிக்கொண்டால், வாக்குக் கொடுத்தவர் பிறகு பின்வாங்குவதை நீதிமன்றம் தடுக்கலாம். 1995இல் பூஸ்டெட் டிரேடிங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இந்தக் கொள்கையை விரிவாக்கியது. அத்தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீராம். மலேசியச் சட்ட மாணவர்கள் அவர் பெயரைச் சந்திக்காமல் படிப்பை முடிக்க முடியாது. முனியம்மா கட்டிய அந்த இரண்டு அறைகளுக்கு இப்போது புதிய மதிப்பு வந்துவிடுகிறது. சிமெண்டு வாங்கிய ரசீது இருக்கிறதா என்ற கேள்வி முக்கியமாகிறது.

ரசீது என்றதும் சாட்சியச் சட்டம். நிர்வாகி 1998இல் சொன்னதை யார் காதால் கேட்டார்? முனியம்மாவின் மகன், "எங்க அம்மா சொன்னாங்க" என்று சாட்சி சொன்னால் பொதுவாக எடுபடாது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி, வாய்மொழிச் சாட்சி நேரடியாக இருக்க வேண்டும். கேட்டவரே வந்து சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இப்போது என்ன வயது, எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டும்.

வேலை போன கதை தனி. தொழிலாளர் சட்டம் பல இடங்களில் விருப்பப் பாடம்தான். என்னைக் கேட்டால் நம் பிள்ளைகள் அதை விடக்கூடாது. 1980ஆம் ஆண்டு பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு என்றால் 600 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், இரண்டு ஆண்டுக்குக் குறைவு என்றால் 10 நாள். ஆனால் தோட்டம் கைமாறி ஏழு நாளுக்குள், புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வந்து, தொழிலாளி அதைக் காரணமில்லாமல் மறுத்தால் இந்த இழப்பீடு கிடைக்காமல் போகலாம். காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று புகார் செய்ய வேண்டுமானால், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் 60 நாளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். "தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டால் அந்த 60 நாள் போய்விடும்.

கடைசியில் வழக்கு நடைமுறை. எந்த நீதிமன்றத்துக்குப் போவது? ஒரு லட்சம் ரிங்கிட் வரையிலான பண வழக்குகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு, பொதுவாகப் பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு, அதற்கு மேல் உயர்நீதிமன்றத்துக்கு. 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சிறு கோரிக்கை என்றால் வழக்கறிஞரே இல்லாமல் நாமே நடத்தலாம். ஒப்பந்தம் மீறப்பட்டால் ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அரசாங்க அமைப்பின் மீது என்றால் 36 மாதம்தான்.

ஒரு முனியம்மா கதையில் ஆறு பாடங்கள். தேர்வில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இதை எழுத வேண்டும். "முனியம்மா ஜெயிப்பார்" என்று எழுதுபவருக்கு மதிப்பெண் குறைவு. எங்கே பலம், எங்கே பலவீனம், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எழுதுபவருக்குத்தான் மதிப்பெண். மேடையில் பேச வராத, ஆனால் ஒரு கதையைக் கேட்டால் "இரு, இரு, முதல்ல என்ன நடந்துச்சு?" என்று குறுக்குக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் இதில் நன்றாக வருவார்கள்.

தமிழ்ப்பள்ளி வழக்கு: ஒரு சொல்லைப் படிப்பது எப்படி

சட்ட மாணவர் செய்யும் இரண்டாவது பெரிய வேலை தீர்ப்புகளைப் படிப்பது. முதல் ஆண்டிலேயே நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொடுத்துவிடுவார்கள். தீர்ப்பைப் படிப்பது என்றால் யார் வென்றார் என்று பார்ப்பது இல்லை. எந்தக் காரணத்தால் வென்றார், அந்தக் காரணம் அடுத்த வழக்கைக் கட்டுமா என்று பார்ப்பது. நமக்கு மிக நெருக்கமான ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம்.

தமிழ், சீனப் பள்ளிகள் கூட்டரசு அரசியலமைப்புக்கு எதிரானவை என்று அறிவிக்கக் கோரிச் சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தது நினைவிருக்கும். விவகாரம் 152ஆவது விதியில் இருக்கிறது. மலாய்மொழி தேசியமொழி என்று சொல்லும் அதே விதி, வேறு மொழியை அதிகாரப்பூர்வக் காரியங்களுக்கு அல்லாமல் பயன்படுத்துவதையும், கற்பிப்பதையும், கற்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்கிறது. எந்தச் சமூகத்தின் மொழியையும் பேணிக் காக்க மத்திய, மாநில அரசுகளுக்குள்ள உரிமை பாதிக்கப்படாது என்றும் சொல்கிறது.

வழக்குத் தொடுத்தவர்கள் இப்படி வாதிட்டார்கள்: தமிழைக் கற்பிக்கலாம், ஆனால் எல்லாப் பாடங்களையும் தமிழில் கற்பிப்பது வேறு, அது அதிகாரப்பூர்வக் காரியம். அவர்கள் கையில் ஒரு பழைய தீர்ப்பும் இருந்தது. சீனமொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட மெர்டேக்கா பல்கலைக்கழகத்தை அமைக்க முயன்ற வழக்கில், 1982இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி மறுத்தது. பல்கலைக்கழகம் ஒரு பொது அதிகார அமைப்பு, அங்கே சீனத்தில் பாடம் நடத்துவது அதிகாரப்பூர்வப் பயன்பாடு என்பது அத்தீர்ப்பு.

கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ்நீதிமன்றங்களைக் கட்டும். அப்படியென்றால் தமிழ்ப்பள்ளியும் போயிற்றா? இங்கேதான் சட்டக்கல்வியின் மையமான வித்தை இருக்கிறது. பழைய வழக்கும் புதிய வழக்கும் உண்மையிலேயே ஒன்றா என்று பிரித்துப் பார்ப்பது. தமிழ், சீனப் பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, ஆகவே அங்கே தமிழில் கற்பிப்பது அதிகாரப்பூர்வக் காரியம் ஆகாது என்று 2021 டிசம்பர் 29ஆம் நாள் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் தீர்ப்பளித்தார். 2023 நவம்பர் 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக உயர்நீதிமன்றத்தின் முடிவை உறுதிப்படுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மை முடிவில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. நம் தமிழ்ப்பள்ளிகளின் சட்ட நிலை அன்று "அதிகாரப்பூர்வக் காரியம்" என்ற சொற்றொடரின் பொருளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்திரா காந்தி வழக்கும் இப்படித்தான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் "பெற்றோர்" முடிவு செய்யலாம் என்கிறது 12ஆவது விதி. அந்தச் சொல் ஒருவரைக் குறிக்கிறதா, இருவரையுமா? இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் தமிழியல் படித்தவள் என்பதால் எனக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தெரியவில்லை. தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு இளம்பூரணர் ஒரு பொருள் சொல்வார், நச்சினார்க்கினியர் வேறு பொருள் சொல்வார். மூலத்தின் சொல் மாறாது, உரை மாறும். யார் உரை பொருந்துகிறது, ஏன் பொருந்துகிறது என்று எழுதித்தான் நாங்கள் மதிப்பெண் வாங்கினோம். சட்டத்தில் உரை எழுதுகிறவர் நீதிபதி. வேறுபாடு ஒன்றுதான்: அவர் உரை தவறினால் யாரோ ஒருவரின் வீடு போய்விடும். அப்படியும் நடந்திருக்கிறது. பினாங்கில் ஒருவரின் நிலத்தை மோசடிக் கையெழுத்தில் விற்ற அடோர்னா வழக்கில், வாங்கியவருக்கே நிலம் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அது பிழை என்று அதே நீதிமன்றம் 2010இல் வேறொரு வழக்கில் ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுக்கு மேல் நில உரிமையாளர்கள் பயத்தில் இருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் சட்டம் படித்த மாணவர்கள், தங்கள் பேராசிரியர்களே ஏற்காத ஒரு தீர்ப்பைப் படித்துத் தேர்வு எழுதினார்கள்.

மற்ற பாடங்கள்

முதல் இரண்டு ஆண்டுகளில் பொதுவாக மலேசியச் சட்ட முறைமை, ஒப்பந்தம், தீங்கியல், அரசியலமைப்பு, குற்றவியல், நிலம் ஆகியவை வரும். பிறகு ஈக்குவிட்டி, குடும்பச் சட்டம், நிர்வாகச் சட்டம், நிறுவனச் சட்டம், சாட்சியம், நடைமுறை, சட்டத் தத்துவம். கடைசி ஆண்டுகளில் விருப்பப் பாடங்கள். மாதிரி நீதிமன்றத்தில் வாதிடும் பயிற்சியும் உண்டு, பேச்சுக்கு அங்கேதான் வேலை. அதுவும் எழுதிக் கொடுத்த வாதத்தை ஒட்டிய பேச்சு.

தீங்கியல் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஒருவர் கவனக்குறைவால் இன்னொருவருக்குச் செய்யும் கேட்டுக்கு இழப்பீடு கேட்கும் சட்டம் அது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடங்கி, செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்த தொழிலாளி வரை இதில் வருவார்கள். 1932இல் ஸ்காட்லாந்து வழக்கொன்றில், பானப் போத்தலுக்குள் நத்தை இருந்ததாகச் சொன்ன ஒரு பெண்ணின் கதையிலிருந்து இந்தப் பாடத்தை ஆரம்பிப்பார்கள். காவல்துறையின் மீதும் இதன்படி வழக்குப் போடலாம். 2009இல் தடுப்புக்காவலில் இறந்த அ. குகன் வழக்கில், 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கியது இந்த வழியில்தான். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஒரே சம்பவத்துக்கு இரண்டு வாசல்கள் இருப்பதை நம் குடும்பங்கள் பல அறிவதில்லை.

குற்றவியலில், நம் பத்திரிகைகளில் நாள்தோறும் வரும் 302ஆவது பிரிவைப் படிக்கும்போது, கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் இருந்த நோக்கத்தில் இருக்கிறது என்று கற்பார்கள். 2023 ஜூலை முதல் 302க்குத் தூக்கு மட்டும்தான் என்ற நிலை மாறிவிட்டது. நீதிபதி 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் விதிக்கலாம்.

குடும்பத்துக்குள் வரும் சண்டைகளில் பாதி ஒரு சின்னச் சட்டத்தைப் படித்தால் குறையும். அது 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டம், முஸ்லிம் அல்லாதாருக்கு உரியது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் இருந்தால், துணைவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் துணைவருக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. மூத்த மகனுக்குத் தனிப் பங்கு கிடையாது. மகளுக்குக் குறைவும் கிடையாது. சீதனம் கொடுத்துவிட்டோமே என்பது சட்டத்தில் எங்கும் இல்லை.

படிக்கும்போது பலர் வியக்கும் ஒரு செய்தி, நம் சட்டங்களில் பல இந்தியாவிலிருந்து வந்தவை. ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழிவந்தது, சாட்சியச் சட்டமும் அப்படியே. தண்டனைச் சட்டத்தின் மூலம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். அதனால் இந்திய வழக்குகளை இங்கே இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பதற்கு மாணவர்கள் சொல்லும் வழக்கு, 1903இல் கல்கத்தாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒன்று. 17 வயதுப் பிள்ளை தவணைக்குக் கைப்பேசி வாங்கிக் கையெழுத்துப் போட்டால் இது பொருந்தும். ஆனால் உபகாரச் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வயதைக் காரணம் காட்ட முடியாது. 1976இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்துவிட்டது.

மொழி

இதை மறைப்பதில் பயனில்லை. பாடநூல்களும் பெரும்பாலான மேல்நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நீதிமன்ற மொழி தேசியமொழி, கீழ்நீதிமன்றங்களில் வாதம் பெரும்பாலும் மலாயில் நடக்கும். இரண்டும் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, ஆங்கிலத்தில் தடுமாறும் நம் பக்கத்துப் பிள்ளைக்கு முதல் இரண்டு பருவங்கள் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் நகரத்துப் பள்ளியில் படித்து ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளைக்கும் தீர்ப்பு ஆங்கிலம் புதிதுதான். அது பேச்சு ஆங்கிலம் இல்லை. ஆறாம் படிவத்திலேயே நாளுக்கு ஓர் ஆங்கில நாளிதழ்த் தலையங்கத்தையும் ஒரு நீதிமன்றச் செய்தியையும் படித்துச் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதிப் பழகினால் பாதித் தூரம் கடந்த மாதிரி.

தமிழுக்கு அங்கே வேலை இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. முனியம்மா தன் கதையைத் தமிழில்தான் சொல்வார். அதை நேராகக் கேட்டுக் குறிப்பெடுக்கும் வழக்கறிஞருக்கும், பேரப்பிள்ளையின் மொழிபெயர்ப்பில் கேட்கும் வழக்கறிஞருக்கும் வேறுபாடு இருக்கிறது.

பட்டத்துக்குப் பிறகு, பணம் கட்டுவதற்கு முன்

இந்த நாட்டின் முதல் சட்டப் புலம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கியது. அதற்கு முன் சட்டம் படிக்க இங்கிலாந்துக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டும், அதனால்தான் அந்தக் காலத்து வழக்கறிஞர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் அரிது. இப்போது மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் வழியாக யுபியுவில் விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டுப் படிப்பு. தனியார் கல்லூரிகளில் இங்கிலாந்துப் பட்டத்துக்கான மூன்று ஆண்டு வழி இருக்கிறது, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமும் இருக்கிறது.

பட்டம் வாங்கியதும் வழக்கறிஞர் ஆகிவிட முடியாது என்பதைப் பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மலாயா, தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் நேராகப் பயிற்சிக்குப் போகலாம். இங்கிலாந்துப் பட்டம் மட்டும் பெற்றவர்கள் சிஎல்பி என்ற தேர்வில் தேற வேண்டும். 1984இல் அறிமுகமான இத்தேர்வில் ஐந்து தாள்கள், கடினமானது என்று பெயர் பெற்றது. அதைத் தாண்ட முடியாமல் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதன் பிறகு மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதம் சேம்பரிங் பயிற்சி. பிறகுதான் உயர்நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியோடு சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு கல்லூரி "லா" என்று விளம்பரம் செய்வதால் மட்டும் அந்தப் பட்டம் வழக்கறிஞர் தொழிலுக்குச் செல்லும் என்று பொருள் இல்லை. எந்தப் பட்டம் செல்லும், எஸ்பிஎம்மிலும் எஸ்டிபிஎம்மிலும் எவ்வளவு வேண்டும் என்பதைச் சட்டத்தொழில் தகுதி வாரியம் முடிவு செய்கிறது. கல்லூரி முகவர் சொல்வதைக் கேட்டு முன்பணம் கட்டாதீர்கள். பட்டத்தின் முழுப் பெயரையும் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஆண்டும் பிடிபிடிஎன் கடனும் போன பிறகு தெரிந்துகொள்வதில் பயன் இல்லை.

எல்லாரும் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அரசாங்கச் சட்டச் சேவையில் சேர்ந்து துணை அரசு வழக்கறிஞராகவோ மாஜிஸ்திரேட்டாகவோ ஆகலாம். வங்கி, காப்புறுதி நிறுவனம், தொழிலாளர் இலாகா, தொழிற்சங்கம் ஆகியவற்றிலும் சட்டம் படித்தவருக்கு இடம் உண்டு. தொழிற்சங்கத்தில் அவர்களுக்கு இன்னும் கூடுதல் இடம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தப் படிப்பு தனக்குப் பிடிக்குமா என்று சந்தேகப்படும் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது, செலவு பஸ் காசு மட்டும். கோலசிலாங்கூர் நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில் நடக்கின்றன, யாரும் உள்ளே போய்ப் பின் வரிசையில் உட்காரலாம். பள்ளி விடுமுறையில் வேலை நாளாகப் பார்த்துக் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள். நீளக் கால்சட்டை, காலணி, மைகார்ட். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். யார் நன்றாகப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டாம். நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும் யார் சட்டென்று கோப்பில் சரியான பக்கத்தைத் திருப்புகிறார் என்று பாருங்கள்.